வடிகட்டிதானே, இதுல அஞ்சு வருஷம் ஆராய என்ன இருக்குன்னு கேட்ட அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சிட்டுத்தான் எழுதுதேன். திசையன்விளைப் பக்கம் கேன் தண்ணி பிளாண்ட் வச்சிருக்கீங்க, தங்கச்சி பி.டெக் கெமிக்கல் முடிச்சிருக்கு, ஒரு புரொபசர்கிட்ட பிஎச்.டி. சேர இடம் கெடச்சிருக்கு, அவரோட ஆராய்ச்சி வாயுவையும் திரவத்தையும் பிரிக்கிற மெம்பரேன், அதாவது மெல்லிசான சவ்வு. "மெம்பரேன்னா வடிகட்டிதானே, நானே வருஷா வருஷம் மாத்துதேன், இதுல அஞ்சு வருஷம் உக்காந்து ஆராய என்ன இருக்கு, படிச்சா சோறு போடுமா"ன்னு கேட்டிருக்கீங்க. சோறு போடுமாங்கிறதுக்குக் கடைசில வாரேன். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க உண்மையிலேயே கேக்குதது வேற ஒண்ணுன்னு எனக்குத் தோணுது, தினமும் கையில புழங்குத சாமான்ல நமக்குத் தெரியாதது அப்படி என்ன மிச்சம் இருக்குங்கிறதுதான் அது. அதுக்குத்தான் பெருசா எழுதப் போறேன், பொறுமையாப் படிங்க. நான் பாளையங்கோட்டைக்காரன். எம்.டெக் படிக்கும்போது ரெண்டு வருஷம் கேஸ் பிரிக்கிற மெம்பரேன் லேப்ல கெடந்தேன், பெறவு இருபது வருஷத்துக்கு மேல தண்ணி பிளாண்ட்தான், கேன் பிளாண்ட்ல இருந்து கடல் தண்ணி பிளாண்ட் வரைக்கும். அதனால தண்ணி பத்திச் சொல்லுதது கைப்பட்டது, கேஸ் பத்திச் சொல்லுதது லேப்ல பாத்ததும் அதுக்கப்புறம் விடாம படிச்சிட்டு வாரதும், அந்த வித்தியாசத்த மனசுல வச்சுக்கோங்க.

முதல்ல அந்த வடிகட்டிங்கிற வார்த்தை. உங்க பிளாண்ட்ல போர் தண்ணி மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், அப்புறம் அந்த வெள்ளை 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் எல்லாம் தாண்டித்தான் ஹை பிரஷர் பம்புக்குப் போவுது. கார்ட்ரிட்ஜ் வரைக்கும் நடக்குதது நம்ம வீட்டுச் சல்லடை வேலை, ஓட்டையவிடப் பெருசு நிக்கும், சின்னது போயிரும். மெம்பரேன்ல அந்தக் கணக்கு செல்லாது. எப்படின்னா, தண்ணி மூலக்கூறு ஒண்ணு சுமார் 2.7 ஆங்ஸ்ட்ராம், ஒரு மில்லிமீட்டர ஒரு கோடி கூறா போட்டா ஒரு கூறுதான் ஒரு ஆங்ஸ்ட்ராம். உப்புல இருக்க சோடியம் அயனிய மட்டும் தனியா எடுத்து அளந்தா சுமார் 2 ஆங்ஸ்ட்ராம்தான் வரும், அதாவது தண்ணியவிடச் சின்னது. சல்லடையா இருந்தா உப்புல்லா முதல்ல ஓடிப் போயிருக்கணும்! ஆனா உங்க மெம்பரேன் உப்புல நூத்துக்கு 95க்கு மேல நிறுத்துது, தண்ணிய விட்ருது. காரணம் என்னன்னா சோடியம் தண்ணிக்குள்ள ஒத்தையா நிக்காது, தன்னைச் சுத்தி தண்ணி மூலக்கூறுகள இழுத்துப் பிடிச்சு ஒரு சட்டை மாதிரி போட்டிருக்கும், அந்தச் சட்டையோட பாத்தா 7 ஆங்ஸ்ட்ராம் கிட்ட வரும், மெம்பரேனுக்குள்ள நுழையணும்னா அத கழத்திப் போட்டாகணும், அதுக்கு நெறைய சக்தி வேணும், போதாததுக்கு மெம்பரேன் மேல உள்ள பாலிஅமைடுங்கிற (நைலான் இனத்துப் பிளாஸ்டிக்) படலத்துல நெகட்டிவ் மின்னூட்டம் வேற இருக்கு, அது குளோரைட தள்ளி விடும், குளோரைடு போகாம சோடியம் மட்டும் தனியா போக முடியாது. ஆக இங்க அளவு மட்டும் விசயம் இல்ல, உள்ள வாரவனுக்கும் அந்தப் பொருளுக்கும் ஒத்துப்போவுதாங்கிறதுதான் விசயம்.

வாயுவுக்கு வந்தா இது இன்னும் தெளிவாத் தெரியும். நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவுல பிள்ளைக்கு ஹீலியம் பலூன் வாங்கிக் கொடுப்போம்லா, ராத்திரி உத்தரத்துல முட்டிக்கிட்டு நிக்கும், காலைல பாத்தா தரையில கெடக்கும். ஓட்டை எதுவும் கெடையாது, முடிச்சும் அவுந்திருக்காது. ரப்பர் வழியா ஹீலியம் போயிருக்கு. 1831ல அமெரிக்காவுல மிட்செல்னு ஒரு டாக்டர் வேற வேற வாயு அடைச்ச ரப்பர் பலூன் வேற வேற வேகத்துல சுருங்குதத கவனிச்சு எழுதி வச்சாரு, 1866ல தாமஸ் கிரஹாம் அது எப்படி நடக்குதுன்னு சொன்னாரு, வாயு முதல்ல ரப்பருக்குள்ள கரையுது, கரைஞ்சது உள்ளயே நவுந்து போவுது, மறுபக்கம் வெளிய வருது. 160 வருஷம் ஆச்சு, வாயு பக்கத்துல இன்னைக்கும் அடிப்படை இதுதான், இதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. ரப்பர், பிளாஸ்டிக் மாதிரி நீள நீளச் சங்கிலி மூலக்கூறால ஆன பொருளத்தான் பாலிமர்ம்பாங்க, ஒரு பாலிமர உள்ள போயிப் பாக்க முடிஞ்சா சூடா அவிச்செடுத்த இடியாப்பம் மாதிரி இருக்கும்னு நெனச்சுக்கோங்க, இழை இழையா சிக்கிக் கெடக்கும், ஆனா சும்மா கெடக்காது, ஒவ்வொரு இழையும் ஓயாம ஆடிக்கிட்டே இருக்கும், ஆடும்போது பக்கத்துல ஒரு சின்ன இடுக்கு தொறக்கும், வாயு மூலக்கூறு அதுக்குள்ள தாவும், இடுக்கு மூடிரும், அடுத்தது எப்பம் தொறக்கும்னு காத்துக் கெடக்கும். அந்தத் தாவல்லதான் அளவு பேசும். ஆக்சிஜன் 3.46 ஆங்ஸ்ட்ராம், நைட்ரஜன் 3.64, வித்தியாசம் நூத்துக்கு அஞ்சுதான், ஆனா பாலிசல்ஃபோன் மாதிரி வெறைப்பான பாலிமர்ல ஆக்சிஜன் நைட்ரஜனவிட அஞ்சாறு மடங்கு வேகமாப் போவும். அந்த அஞ்சு சதவீதத்த அஞ்சு மடங்கா மாத்துதது அந்த இழையோட வெறைப்பு.

இதுக்கு நேர் எதிரா சிலிக்கோன் ரப்பர எடுத்துக்கிட்டா புரொப்பேன் மாதிரி பெரிய மூலக்கூறு நைட்ரஜன முந்திட்டுப் போவும். பெருசு முந்துது, சின்னது பிந்துது. ஏன்னா ரப்பர்ல இடுக்கு தாராளமா தொறக்கும், தாவல்ல பெரிய வித்தியாசம் இல்ல, எது நெறைய கரையுதோ அது ஜெயிக்கும், புரொப்பேன் ரப்பர்ல நல்லா கரையும். கோலி சோடாவுல கார்பன் டை ஆக்சைட அடைக்காங்க, நைட்ரஜன அடைக்க மாட்டாங்க, தண்ணில அது அந்தளவு கரையாது, அதே சமாச்சாரம்தான். இந்தக் குணத்த வச்சு பிளாஸ்டிக் ஆலைல காத்தோட காத்தா வெளிய போவுத விலை உசந்த வாயுவத் திருப்பிப் பிடிக்குதாங்க, பெட்ரோல் ஆவியப் பிடிக்குதாங்க. சல்லடைல இத ஒரு நாளும் செய்ய முடியாது. தங்கச்சி புரொபசரோட லேப்ல முதல் ஒரு வருஷம் படிக்கப் போறது பெரும்பாலும் இதாத்தான் இருக்கும், எது கரையும், எது தாவும், ரெண்டையும் எப்படித் தனித்தனியா அளக்கணும்.

சரி, 1866லயே தெரிஞ்சு போச்சுன்னா மிச்சம் என்னன்னு கேப்பீங்க. இங்கதான் சண்டையே. இழைகளத் தளர்த்தினா வாயு வேகமாப் போவும், ஆனா எல்லாமே போவும், பிரிக்கிற தெறம கொறஞ்சிரும். இழைகள இறுக்கினா நல்லாப் பிரிக்கும், ஆனா பைய பைய போவும், அதே அளவு வாயுவுக்கு மெம்பரேன் பரப்பு நாலு மடங்கு பத்து மடங்கு வேணும், அவ்வளவு காசு. 1991ல ராப்சன்னு ஒருத்தர் அதுவரைக்கும் உலகம் பூரா அளந்து வச்ச பாலிமர் அத்தனையையும் ஒரு படத்துல புள்ளி புள்ளியா வச்சாரு, ஒரு பக்கம் வேகம், ஒரு பக்கம் பிரிக்கிற தெறம. பாத்தா எல்லாப் புள்ளியும் ஒரு சாஞ்ச கோட்டுக்குக் கீழதான் கெடக்கு, யாராலயும் அந்தக் கோட்டத் தாண்ட முடியல. 2008ல திரும்ப வரைஞ்சாரு, 17 வருஷத்துல கோடு கொஞ்சம் மேல ஏறியிருந்துச்சு. உலகத்துல எந்த மெம்பரேன் லேப்புக்குப் போனாலும் அந்தக் கோடு போட்ட படம் இருக்கும், நாங்க படிக்கும்போது அது எங்க சுவத்துலயே ஒட்டியிருந்துச்சு, புதுசா ஒரு பிலிம் செஞ்சு அளந்தா முதல்ல பென்சிலால அதுலதான் புள்ளி வைப்போம். என்னோட ஒரு புள்ளியும் கோட்டுக்கு மேல போகல, ஆனா கோட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு வந்தப்பம் ராத்திரி தூக்கம் வரல, அவ்வளவு சந்தோசம்.

அந்தக் கோட்டத் தாண்ட ஆள் ஆளுக்கு ஒரு வழி. 2004ல இங்கிலாந்துல பட், மெக்கியோன் குழு இழைகள் ஒண்ணோட ஒண்ணு ஒழுங்கா அடுக்கா அமைய முடியாதபடி கோணல் மாணலா ஒரு பாலிமர் செஞ்சாங்க, பிம்-1னு பேரு, உள்ள நெறைய வெற்றிடம், வேகம் பிரமாதம், ஆனா மாசக்கணக்குல அது தானா பைய இறுகி வேகம் கொறஞ்சிரும், இதுக்கு முதுமைன்னே பேரு வச்சிருக்காங்க. இன்னொரு கூட்டம் உலோகமும் கரிமப் பொருளும் சேந்த படிகத் தூள பாலிமர்ல கலந்து செய்யுது, கொழுக்கட்டை மாவுல எள்ளு போட்ட மாதிரி, அதுல எள்ளுக்கும் மாவுக்கும் நடுவுல இடைவெளி விழுந்தா வாயு அந்தச் சந்துலயே ஓடிரும், பட்ட பாடெல்லாம் வீண். அப்புறம் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தோட வந்தா பாலிமரையே ஊற வச்சுத் தளர்த்திரும், அரிசி ஊறின மாதிரி உப்பிரும், சுத்தமான வாயுவ ஒவ்வொண்ணா விட்டு அளந்தப்பம் வந்த நல்ல எண்ணிக்கை, ரெண்டையும் கலந்து விட்டதும் பாதியாயிரும். பேப்பர்ல வாரதுக்கும் ஆலைல நடக்குததுக்கும் நடுவுல உள்ள பள்ளம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு பெரிய விசயம் கனம். மெம்பரேன் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு வேகம். உங்க மெம்பரேன்ல உண்மையா உப்பப் பிரிக்கிற படலம் சுமார் 0.1 மைக்ரான்ல இருந்து 0.2 மைக்ரான்தான், நம்ம தலைமுடில நூத்துக்கணக்குல ஒரு பங்கு, மிச்சமெல்லாம் அதத் தாங்குத முட்டு. இந்த யோசனைய முதல்ல நடத்திக் காட்டினது 1950கள் கடைசில கலிபோர்னியா யுனிவர்சிட்டில ரெண்டு பேரு, சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன். சௌரிராஜன் இந்தியாவுல இருந்து போனவரு, பேரே திருக்கண்ணபுரத்துப் பெருமாள் பேரு. செல்லுலோஸ் அசிடேட்ல மேல மட்டும் மெல்லிசா இறுகி, கீழ பஞ்சு மாதிரி இருக்கிற படலத்த செஞ்சாங்க, அதுவரைக்கும் சொட்டு சொட்டா வந்த தண்ணி பல மடங்கா வந்துச்சு. 1965ல கலிபோர்னியாவுல கோலிங்காங்கிற சின்ன ஊர்ல அந்த முறைல குடிதண்ணி கொடுத்தாங்க, உப்புத் தண்ணியோட மல்லுக்கட்டுன நம்ம ராதாபுரம் பக்கத்து ஊரு மாதிரி ஊருதான் அதுவும். பெறவு 1970கள்ல ஜான் கடாட் ரெண்டு கரைசல் சந்திக்கிற எடத்துலயே படலம் உருவாகுத முறையக் கொண்டாந்தாரு, இன்னைக்கு உங்க பிளாண்ட்ல இருக்கதும் அந்த வம்சம்தான். வாயுவுல இது இன்னும் கஷ்டம், ஏன்னா மேல்பரப்புல பத்து லட்சத்துல ஒரு பங்கு எடத்துல ஊசி ஓட்டை இருந்தாலே போதும், வாயு அது வழியா ஓடிப் பிரிப்பு போச்சு. 1980 வாக்குல மான்சான்டோ கம்பெனிக்காரங்க இதுக்கு ஒரு அழகான வழி பண்ணாங்க, ஓட்டையே இல்லாம செய்யணும்னு முட்டாம, செஞ்ச பாலிசல்ஃபோன் குழல் மேல சிலிக்கோன் ரப்பர பூசி ஓட்டைய அடைச்சிட்டாங்க, அமோனியா ஆலைல வீணாப் போற ஹைட்ரஜனத் திருப்பிப் பிடிக்க அத வித்தாங்க, வாயு மெம்பரேன் பெரிய தொழிலா ஆனது அதுலதான்.

இப்பம் எது உறுதி, எது இன்னும் வாதத்துல இருக்குன்னு சொல்லுதேன். உறுதின்னு சொன்னா, கடல் தண்ணில இருந்து நல்ல தண்ணி எடுக்க இயற்கையே கேக்குத ஒரு கொறஞ்சபட்ச கூலி இருக்கு. கடல் தண்ணியோட சவ்வூடு அழுத்தம், அதாவது மெம்பரேன் வழியா நல்ல தண்ணிய உப்புப் பக்கம் இழுக்குத அழுத்தம், சுமார் 27 பார் (ஒரு பார்னா நம்மச் சுத்தி உள்ள காத்தோட அழுத்தம் அளவு), பாதித் தண்ணிய எடுக்கணும்னா 1000 லிட்டருக்கு 1 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல கட்டாயம் செலவாகும், எந்த மாய மெம்பரேன் வந்தாலும் இதுக்குக் கீழ எறங்க முடியாது. இப்பம் நல்லா ஓடுத கடல் தண்ணி பிளாண்ட் எல்லாத்தையும் சேத்து 3ல இருந்து 4 யூனிட்ல ஓடுது. அதனால "கிராஃபீன் (ஒரே அணு கனமுள்ள கார்பன் தாள்) வந்துருச்சு, இனிமே கடல் தண்ணி சும்மா கெடைக்கும்"னு வாட்ஸ்அப்ல வாரத நம்பாதீங்க, வேகமான மெம்பரேனால பரப்பு கொறையும், பெட்டி சின்னதாகும், கரண்டு அவ்வளவா கொறையாது. வாதத்துல இருக்கதுன்னா, ஆர்.ஓ., அதாவது உங்க பிளாண்ட்ல உப்ப நிறுத்துத மெம்பரேன், அந்தப் படலத்துக்குள்ள தண்ணி உண்மையில எப்படிப் போவுதுங்கிறது. 1965ல இருந்து பாடப் புஸ்தகத்துல கரைஞ்சு ஊடுருவிப் போவுதுன்னுதான் இருக்கு. சௌரிராஜன் ஒருத்தர் மட்டும் "அப்படி இல்ல, நுண்ணிய துளை இருக்கு, அது வழியாத்தான் பாயுது"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, அவர் சொன்னத ரொம்பப் பேரு ஓரமா வச்சிட்டாங்க. 2023ல யேல் யுனிவர்சிட்டி எலிமெலெக் குழு, தண்ணி துளை வழியா அழுத்தத்தாலதான் பாயுதுன்னு பேப்பர் போட்டாங்க, மறுக்குத ஆளுங்களும் இருக்காங்க, இன்னும் முடியல. எனக்கு என்ன தோணுதுன்னா ரெண்டு படமும் ஒரே எடத்த வேற வேற தூரத்துல இருந்து பாக்குதது மாதிரி, ஆனா அது என் நெனப்பு, அவ்வளவுதான். நாம தினமும் குடிக்கிற தண்ணி எப்படி வருதுன்னே இன்னும் அடிச்சுப் பேசிக்கிட்டிருக்காங்க அண்ணாச்சி, அஞ்சு வருஷத்துக்கு வேல இருக்கான்னு கேட்டீங்கள்லா.

உழைக்கிற காலம் பத்தி நானே பட்ட ஒண்ணு சொல்லுதேன். ஒரு பிளாண்ட்ல, எந்த ஊருன்னு வேண்டாம், குளோரின் போட்ட தண்ணிதான் உள்ள வரும், மெம்பரேனுக்கு முன்னாடி பைசல்ஃபைட் சொட்டு விட்டு குளோரின முறிக்கணும். தீபாவளி லீவுல அந்தச் சின்ன டோசிங் பம்புல காத்து அடைச்சிருச்சு, மூணு நாளு யாரும் கவனிக்கல, தண்ணில இரும்பு வேற இருந்துச்சு. திரும்பி வந்து பாத்தா 80ல இருந்த டி.டி.எஸ்., அதாவது தண்ணில கரைஞ்சிருக்க உப்போட அளவு, 300 தாண்டி நிக்குது, அழுத்தம் கொறைஞ்சிருக்கு, தண்ணி கூட வருது. பாக்கவனுக்கு மெம்பரேன் நல்லா ஓடுதுன்னு தோணும், உள்ள செத்துக்கிட்டிருக்கு. பாலிஅமைடுக்கு குளோரின் ஆகாது, 1 பி.பி.எம். (பத்து லட்சத்துல ஒரு பங்கு) குளோரின் 200 மணி நேரத்துல இருந்து 1000 மணி நேரம் பட்டாலே கெட ஆரம்பிச்சிரும், இரும்பு இருந்தா இன்னும் வெரசா. கிருமியக் கொல்ல குளோரின விட மலிவா ஒண்ணு கெடையாது, ஆனா அதுதான் மெம்பரேனையும் கொல்லுது. குளோரின் தாங்குத, உப்பையும் இதே அளவு நிறுத்துத ஒரு படலத்துக்காக நாப்பது வருஷமா தேடுதாங்க, பாலிஅமைட எறக்கி வைக்கிற மாதிரி இன்னும் ஒண்ணு வரல. தங்கச்சி அதுல ஒரு அடி முன்னால வச்சாலும் உங்கள மாதிரி ஆயிரக்கணக்கான பிளாண்ட்காரங்களுக்கு மெம்பரேன் செலவு மிச்சம்.

நம்ம மண்ணுக்குன்னு ஒரு யோசனை எனக்கு ரொம்ப நாளா இருக்கு, எங்க போனாலும் சொல்லுவேன், உங்களுக்கும் சொல்லுதேன். தேரிக்காட்டுப் பக்கம் பங்குனி சித்திரை வெயில்ல பனையேறி வீட்டுப் பொம்பளையாளுங்க அடுப்பு முன்னாடி நின்னு பதநீரக் காய்ச்சுதது நீங்க பாக்காததா. 100 லிட்டர் பதநீர்ல சுமாரா 12 கிலோ சக்கரைன்னு வச்சுக்கோங்க, மிச்சம் பூரா தண்ணி, அத்தனையும் ஆவியாப் போகணும். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக 0.63 யூனிட் சூடு வேணும், அதுல 50 லிட்டருக்கு மட்டும் 31 யூனிட், அடுப்புல பாதிக்கு மேல சூடு வெளியதான் போவும், அப்பம் எவ்வளவு விறகுன்னு பாருங்க. அதே 50 லிட்டர் தண்ணிய மெம்பரேன்ல பிழிஞ்சு எடுத்தா கணக்குப்படி ஒரு யூனிட் கரண்டு கூட ஆகாது. கனடாவுலயும் அமெரிக்காவுல வெர்மான்ட் பக்கமும் மேப்பிள் மரத்துப் பால்ல இருந்து பாகு காய்ச்சுதவங்க 1970கள்ல இருந்தே இதச் செய்யுதாங்க, அவங்க மரத்துப் பால்ல சக்கரை 2 சதவீதம்தான், சுமார் 40 லிட்டரக் காய்ச்சினா 1 லிட்டர் பாகு, அதனால முதல்ல ஆர்.ஓ.ல கெட்டியாக்கிட்டு பெறவு அடுப்புல வைக்காங்க. பதநீருக்கும் அழுத்தக் கணக்கு ஒத்து வருது, 12 சதவீதச் சக்கரைக்கு சவ்வூடு அழுத்தம் 10 பார் பக்கம், 24 சதவீதத்துக்கு 25 பார் பக்கம், அதுவரைக்கும் இப்ப இருக்க மெம்பரேனே தாங்கும், அதுக்கு மேல அடுப்புதான். ஆனா இத யாரும் கொண்டு போய் வித்துராதீங்க, ஏன்னா நான் கணக்குப் போட்டதுதான், ஓட்டிப் பாக்கல. பதநீர்ல சுண்ணாம்பு இருக்கு, அந்தக் கால்சியம் மெம்பரேன்ல பாறையாப் படியும். புளிக்க வைக்கிற நுண்ணுயிரு இருக்கு, அது வழுவழுன்னு படிஞ்சு அடைக்கும், கழுவ குளோரின் போட முடியாது. எல்லாத்துக்கும் மேல கருப்பட்டி ருசிங்கிறது காய்ச்சுத சூட்டுல பொறக்குதது, பாதி நேரம் கொறஞ்சா உடன்குடி கருப்பட்டிக்கு உள்ள அந்த வாசம் வருமான்னு பனையேறிகதான் நக்கிப் பாத்துச் சொல்லணும். ஆனா இது ஒரு நல்ல பிஎச்.டி. கேள்வி, நம்ம ஊர்ப் பிள்ளைதான் கேக்கணும்.

சோறு போடுமான்னு கேட்டதுக்கு. வேல நிச்சயம்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன், பிஎச்.டி. முடிச்சவங்களுக்கு எடம் கொறைவு, காத்திருக்க வேண்டி வரும். ஆனா துறை சுருங்குத துறை இல்ல. கூடங்குளத்துல கடல் தண்ணியக் காய்ச்சி ஆவிய அமுக்கித்தான் உலைக்கு நல்ல தண்ணி எடுக்காங்க, சென்னைல மீஞ்சூர், நெம்மேலி ரெண்டும் மெம்பரேன். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணி ஆர்.ஓ. வழியாத்தான் திரும்புது. பெட்ரோல்ல கலக்குத எத்தனால் 99.5 சதவீதம் இருக்கணும், ஆனா சும்மா காய்ச்சி வடிச்சா எடைக்கணக்குல 95.6லயே நின்னுரும், அதுக்கு மேல தண்ணி எடுக்க மெம்பரேன் ஒரு வழி. விமானத்துல எரிபொருள் டேங்க் வெடிக்காம இருக்க காத்துல இருந்து நைட்ரஜனப் பிரிச்சு நெரப்புதது மெம்பரேன் குழல்தான். 2016ல ஷோல், லைவ்லினு ரெண்டு பேரு கணக்குச் சொன்னாங்க, அமெரிக்காவுல மொத்த எரிசக்தில 10ல இருந்து 15 சதவீதம் பொருளப் பிரிக்கிற வேலைக்கே போவுதாம், பெரும்பாலும் காய்ச்சி வடிக்கிறது, உலத்துறது, ஆவியாக்குறதுன்னு சூடு போட்டுப் பிரிக்கிறதுலதான். அதுல எவ்வளவ மெம்பரேன் பிடிக்கும்னு இப்பமே சொல்லுதவங்கள நான் நம்ப மாட்டேன், கச்சா எண்ணெயவே மெம்பரேன்ல பிரிக்கலாம்னு லேப்ல காட்டியிருக்காங்க, ஆலைல வருஷக்கணக்குல ஓடினாத்தான் ஆச்சு.

அதனால தங்கச்சிய சேரவான்னு கேட்டா, புரொபசர்கிட்ட ஒருக்கா நேர்ல பேசிட்டு முடிவு பண்ணச் சொல்லுங்க. எந்தக் கலவையப் பிரிக்கப் போறோம்னு முதல்ல கேக்கட்டும், "வாயுவும் திரவமும்"னு பொதுவாச் சொன்னா போதாது, கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனுமா, எண்ணெயும் தண்ணியுமா, எது. அளக்கும்போது சுத்தமான வாயு ஒவ்வொண்ணா விடுதாங்களா, கலந்து விடுதாங்களான்னு கேக்கட்டும். 50 மைக்ரான் கனத்துல தனிப் பிலிமா, இல்ல தாங்கு படலத்துமேல மெல்லிசாப் பூசுதாங்களா, எத்தன மணி நேரம் தொடந்து ஓட்டிப் பாக்காங்க, முன்னாடி முடிச்ச பிள்ளைக இப்பம் எங்க இருக்கு. நல்ல புரொபசர் இந்தக் கேள்விக்குக் கோவப்பட மாட்டாரு, சந்தோசப்படுவாரு. கெடச்சிருக்க இடம் நல்ல இடமான்னு அந்தப் பதில்லயே தங்கச்சிக்குத் தெரிஞ்சிரும்.

அப்புறம் ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவ மெம்பரேன் மாத்தும்போது பழசத் தூரப் போட்டுறாதீங்க. தங்கச்சிய வரச் சொல்லி, ரெண்டு முனைலயும் உள்ள மூடிய அறுத்து எடுத்திட்டு, மேல சுத்தியிருக்க ஃபைபர் ஓட்ட நெடுக்க அறுத்து, பாய விரிக்கிற மாதிரி விரிச்சுப் பாருங்க, கைல உறை போட்டுக்கோங்க. நடுக்குழல்ல இருந்து இலை இலையா வரும், நடுநடுவுல வலை, வெள்ளையா வழவழன்னு இருக்க பக்கம்தான் அந்த 0.1 மைக்ரான் படலம். தண்ணி நுழையுத முனைல பழுப்பா கொழகொழன்னு இருந்தா அது நுண்ணுயிரும் மண்ணும், முன் ஃபில்டர்ல கவனிக்கணும். கழிவு வெளிய போற முனைல விரலுக்கு நறநறன்னு வெள்ளையா இருந்தா அது உப்புப் படிவு, அதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடுங்க, நுரைச்சா சுண்ணாம்புக் கார்பனேட், ஆன்டிஸ்கேலன்ட் (உப்புப் படியாமத் தடுக்குத மருந்து) அளவையும் எத்தன பங்கு தண்ணி எடுக்கீங்கங்கிறதையும் திருத்துனா அடுத்த மெம்பரேன் கூட நாள் உழைக்கும். நுரைக்கலன்னா ஜிப்சமோ சிலிக்காவோ இருக்கலாம், அது வேற வைத்தியம், போட்டோ எடுத்து போர் தண்ணி ரிப்போர்ட்டோட இங்கயே போடுங்க, பாத்துச் சொல்லுதேன்.